உலர்திராட்சை கேக்கைத் தின்ற நாய்: காத்திருப்பதா, ஓடுவதா?

வாலாட்டி: மேசை மேல் வைத்திருந்த உலர்திராட்சை கேக்கில் பாதி காணோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 8 கிலோ நாய். இப்போது பந்தை வாயில் கவ்விக்கொண்டு விளையாடக் கூப்பிடுகிறாள். என்ன செய்யட்டும்?

மாடிப்படி: பதறாதீர்கள் சகோ. காலங்காலமாக மனிதன் போட்ட மிச்சத்தைத் தின்று வளர்ந்த ஜீவன் அது. எங்கள் வீட்டு நாய் 11 வருடமாக நாங்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுகிறது. மனசு கேட்கவில்லை என்றால் உப்புத் தண்ணீர் புகட்டுங்கள், வாந்தி எடுத்துவிடும்.

நாலுகால்: உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்! ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். வாலாட்டி, உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். இத்தனை தின்றால் ஆபத்தில்லை என்று சொல்ல நம்பகமான அளவே கிடையாது. வாந்தி எடுக்க வைத்துப் பலன் கிடைப்பது பெரும்பாலும் முதல் 2 மணி நேரத்தில்தான். அதில் பாதி போய்விட்டது.

மாடிப்படி: உப்பு விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் துள்ளி விளையாடுகிற நாயை எதற்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? வாடினால் பார்த்துக்கொள்ளலாமே. வாய் வைத்ததற்கெல்லாம் ஊசியா?

நாலுகால்: எல்லாவற்றுக்கும் இல்லை. வெறுமனே வேகவைத்த எலும்பில்லாத கோழியோ கேரட்டோ என்றால் நானும் பேசாமல் இருப்பேன். சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) போட்ட சூயிங்கம் எல்லாம் வேறு கதை. சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். வெங்காயம் சத்தமே காட்டாது. எங்கள் நாய் வதக்கிய வெங்காயத்தை ஒரு கிண்ணம் தின்றபோது நாங்களும் "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று விட்டுவிட்டோம். நாலாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்திருந்தது. சிறுநீர் கருந்தேநீர் நிறம். வாடிய பிறகு பார்க்கலாம் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

மாடிப்படி: சரி, திராட்சைக்கு ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் போடுவதே குற்றம் என்றால் மட்டும் ஏற்கமாட்டேன்.

வாலாட்டி: மருத்துவமனையில்தான் இருக்கிறோம். எடை, தின்ற நேரம், அளவு கேட்டார்கள். கேக் உறையைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. ஊசி போட்டதும் வாந்தி எடுத்தாள். உப்பிப்போன திராட்சை, எண்ணினேன், 17. இப்போது டிரிப்ஸ் ஏறுகிறது. நாளைக்கும் ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்ப்பார்களாம்.