6 வயசுப் பொண்ணுக்கு முதல் மெட்டல் டிடெக்டர்: எதை வாங்கலாம்? இரவல் வாங்கினது பீச்ல ஓயாம கத்துது

திருவான்மியூர்_அம்மா:
பொண்ணுக்கு 6 வயசு, உயரம் 112 செ.மீ. ஞாயிறு காலையில எலியட்ஸ் பீச்ல வெச்சு விளையாட ஒரு மெட்டல் டிடெக்டர் வேணும். பட்ஜெட் 6000 ரூபாய்க்குள்ள. ஆன்லைன்ல பார்த்தா எல்லாமே "1 மீட்டர் ஆழம்", "தங்கம் காட்டும்"னு போட்டிருக்கு. எதை நம்புறதுன்னு தெரியல.

இப்போ பெரியவங்க மாடல் ஒண்ணு இரவலா கையில இருக்கு. அதுல மூணு சிக்கல். வீட்டு ஹால்ல ஆன் பண்ணாலே கத்துது. ஈர மணல்ல நிறுத்தாம கத்துது. காஞ்ச மணல்ல நாங்களே புதைச்சு வெச்ச 2 ரூபாயை மட்டும் காட்டவே இல்ல. பேட்டரி புதுசு. இரும்புக் குப்பையை ஒதுக்குற நாப் பாதிக்கு மேல இருந்துச்சு.

சுருள்கம்பி:
கருவி நல்லாத்தான் இருக்கு மேடம். மூணுக்கும் காரணம் வேற வேற.

ஹால்: ஆர்.சி.சி. தளம்னா டைல்ஸுக்குக் கீழ சில செ.மீ.யிலயே கம்பி கட்டியிருப்பாங்க. காயிலை (கருவியோட அடியில இருக்குற வட்டத் தட்டு) தரைப் பக்கம் கொண்டு போனா அந்தக் கம்பியைத்தான் காட்டுது. வீட்டுக்குள்ள சோதிக்கணும்னா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல காயில் மேல்பக்கம் பார்க்குற மாதிரி வெச்சுட்டு, அதுக்கு மேல காசை இப்படியும் அப்படியும் ஆட்டுங்க. ஆட்டாம பிடிச்சா நிறைய மாடல் பேசாது, அசைவு இருந்தாத்தான் சத்தம் வரும். எல்.இ.டி. டியூப், இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, செல்போன் நாலையும் தள்ளி வைங்க. அதுக்கப்புறமும் விட்டு விட்டுக் கத்தினா சென்சிடிவிட்டியை (எவ்வளவு சின்ன சிக்னலுக்குக் கத்தணும்ங்கிற அளவு) பாதியா குறைங்க. காயில்ல இருந்து மேல வர்ற ஒயர் தண்டுல இறுக்கமா சுத்தியிருக்கணும். தொளதொளன்னு ஆடினா அதுவே பொய்ச் சத்தம் தரும்.

ஈர மணல்: உப்புத் தண்ணி மின்சாரம் கடத்தும். காயில் அனுப்புற காந்தப் புலம் அந்த ஈரத்துலயே மின்னோட்டத்தை எழுப்பிடுது, கருவிக்கு அது மெல்லிசா ஒரு உலோகம் மாதிரி தெரியும். ஒரே அலைவரிசையில வேலை செய்யுற எல்லா மாடல்லயும் இது உண்டு. ஒரே நேரத்துல பல அலைவரிசை அனுப்புற மாடல் இதைச் சமாளிக்கும். மைன்லேப் வான்குவிஷ் அந்த ரகம், ஆனா எடை 1.2 கிலோ கிட்ட வரும். ஆறு வயசுக் கைக்கு அது வேண்டாம். அலை தொடுற இடத்தை விட்டுட்டு மேல் மணல்லயே தேடுங்க. கறுப்பா கோடு கோடா கிடக்குற மணல்லயும் கொஞ்சம் கத்தும், அது மேக்னடைட் மாதிரியான இரும்புத் தாது.

மூணாவதுக்கு காந்தக்காரர் வருவார் பாருங்க.

காந்தம்_ஒட்டுமா:
வந்தாச்சு. தப்பு அந்த நாப்புலதான். வெளிநாட்டு வழிகாட்டிகள்ல "இரும்பை ஒதுக்குங்க"ன்னுதான் முதல் வரியே இருக்கும். அவங்க ஊர்க் காசுக்கு அது சரி. நம்ம ஊர்ல 1992ல இருந்து வந்த 1 ரூபாயும், 2005ல இருந்து வந்த 2 ரூபாயும் காந்தம் ஒட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாப்பை ஏத்தினா சோடா மூடியோட சேர்ந்து காசும் போயிடும்.

ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை எடுத்து வீட்ல இருக்குற சில்லறையைப் பிரிங்க. ஒட்டுறது எல்லாம் அந்த நாப்புக்கு இரும்புதான். நிக்கல் பித்தளையில வர்ற 5 ரூபாய் ஒட்டாது, சத்தமும் சுத்தமா வரும். 20 ரூபாயும் ஒட்டாது. பழைய அலுமினிய 10 பைசா கிடைச்சா அலுமினிய மூடி மாதிரியே கேட்கும், தோண்டிப் பார்த்தாத்தான் தெரியும். குழந்தைக்குன்னா நாப்பை ஜீரோல வெச்சுடுங்க. கூடக் கொஞ்சம் மூடி கிடைக்கும், அவ்வளவுதான். அந்த வயசுக்கு மூடியும் புதையல்தானே.

திருவான்மியூர்_அம்மா:
நாப் ஜீரோல வெச்சதும் 2 ரூபாய் சிக்கிடுச்சு! சரி, எதை வாங்குறது?

சுருள்கம்பி:
ஆழத்தைப் பார்த்து வாங்காதீங்க. காசு மாதிரி சின்னப் பொருள்ல இருந்து திரும்பி வர்ற சிக்னல், தூரம் இரண்டு மடங்கானா 64ல ஒரு பங்கா குறையும். 1 மீட்டர்னு எழுதியிருந்தா அது டிரம் மூடி சைஸ் பொருளுக்கு. குழந்தைகள் மாடல்ல ஒரு காசு 10 செ.மீ.ல கிடைச்சாலே நல்ல கருவி. அவங்களால தோண்ட முடியுற ஆழமும் அதுதான். ஆன்டெனா நீட்டிக்கிட்டு "தங்கம் இருக்குற திசை காட்டும்"னு விக்கிறாங்களே, அது டிடெக்டரே இல்ல.

பார்க்க வேண்டியது எடையும் நீளமும். பேட்டரி போட்ட பிறகு 800 கிராமுக்குள்ள இருக்கணும். பிடியில இருந்து காயில் வரைக்கும் 60 செ.மீ. அளவுக்காவது சுருங்கணும். "குழந்தைகளுக்கும் ஏற்றது"ன்னு போட்டு, குறைஞ்ச நீளமே 90 செ.மீ. வெச்சிருக்குற மாடல்தான் அதிகம். அப்படி இருந்தா குழந்தை முழங்கையைத் தூக்கிப் பிடிக்கும், காயில் முன்பக்கம் தரையிலயும் பின்பக்கம் அந்தரத்துலயும் நிக்கும், பத்து நிமிஷத்துல "வேண்டாம்மா"ன்னு கீழ போட்டுடும். காயில் 15, 16 செ.மீ. அகலம் போதும். பெரிசானா முன்பாரம்.

பேர் சொல்லணும்னா, பவுண்ட்டி ஹன்டர் ஜூனியர் பல வருஷமா ஓடுற மாடல். 6.5 அங்குல காயில், 9 வோல்ட் பேட்டரி இரண்டு, முள் காட்டுற மீட்டர். துருக்கியோட நோக்டா கம்பெனியில சின்னவங்களுக்கு மினி ஹோர்டு, கொஞ்சம் வளர்ந்தவங்களுக்கு மிடி ஹோர்டு இருக்கு, இரண்டும் தண்ணியில நனையலாம். ஆனா நனையலாம்ங்கிறதுக்காக ஈர உப்பு மணல்ல அமைதியா இருக்கும்னு நினைக்காதீங்க. இறக்குமதி விலை உங்க பட்ஜெட்டைத் தாண்டினாலும் தாண்டும்.

ரிச்சி_தெரு:
அதுக்கு முன்னாடி ஒரு மலிவு வழி. மால் வாசல்ல செக்யூரிட்டி கையில வெச்சிருக்குற அந்த மட்டை மாதிரி டிடெக்டர், சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி தெருவுல கேட்டா கிடைக்கும். லேசா இருக்கும், அசைக்காமலே கத்தும், காஞ்ச மணல்ல சில செ.மீ. ஆழம் பிடிக்கும். குனிஞ்சு தேடணும், ஆனா ஆறு வயசு எப்படியும் மணல்ல உக்காந்துதான் இருக்கும். இரண்டு மாசம் ஆர்வம் தங்குதான்னு பார்த்துட்டு பெரிசு வாங்கலாம். வாங்கினதும் வீணாப் போகாது, குழிக்குள்ள காசு எந்தப் பக்கம்னு பார்க்க உதவும்.

பாகங்களைச் சோல்டர் பண்ணி நாமளே டிடெக்டர் செய்யுற கிட் வாங்கித் தந்துடலாம்னு யாராவது சொன்னா, அது உங்களுக்கான பொம்மை, அவளுக்கு இல்ல.

காந்தம்_ஒட்டுமா:
கத்துக் கொடுக்குறது பத்தி. ஒரு டப்ல காஞ்ச மணல் போட்டு 3, 6, 9 செ.மீ.ல ஒவ்வொரு காசு வைங்க. டப்பை மொட்டை மாடித் தளத்துல வெச்சுடாதீங்க, மறுபடி கம்பிதான் கத்தும். காயில் மணலுக்கு 3 செ.மீ. மேல, தரைக்குச் சமமா, மெதுவா. கோலப்பொடி அளந்து விடுற வேகம் போதும். சத்தம் வந்த இடத்துல குறுக்கால ஒரு தடவை, நெடுக்கால ஒரு தடவை. இரண்டு கோடும் வெட்டுற இடத்துல தோண்டணும்.

கொலுசைக் கழட்டிடுங்க. ஒவ்வொரு வீச்சுலயும் கால் பக்கம் வரும்போது "பீப்"னா அதுதான்.

கரைப்பக்கம்:
இடம் தேர்வு முக்கியம் சகோதரி. மீன்பிடிப் படகு நிக்கிற பக்கம் போகாதீங்க, தூண்டில் முள்ளும் வலையோட ஈயக் குண்டும் கிடக்கும். விநாயகர் சதுர்த்திக்கு அப்புறம் பட்டினப்பாக்கம் மாதிரி சிலை கரைக்கிற இடங்கள்ல கம்பி, ஆணி அதிகம். கடைகளுக்கும் நடைபாதைக்கும் நடுவுல இருக்குற காஞ்ச மணல் பரவாயில்ல, ஃபாயில் குப்பை மட்டும் நிறைய. முதல் கை மணலைப் பெரியவங்க புரட்டணும், அப்புறம் அவள் பிளாஸ்டிக் சல்லடையில சலிக்கட்டும். கண்ணாடிச் சில்லை டிடெக்டர் காட்டாது, சின்ன ஊசியையும் தவற விடலாம்.

ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தக் கரையில பங்குனி ஆமை முட்டையிடும். அந்த மாசங்கள்ல ஆழமாத் தோண்ட வேண்டாம், குஞ்சு பொரிப்பக வேலி பக்கமே போக வேண்டாம்.

சட்டமும் ஒண்ணு. 1878ம் வருஷத்து புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சு கிடக்கிற 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். பழங்காசு, செப்புத் திருமேனி மாதிரி எதாவது தட்டுப்பட்டா தோண்டுறதை அங்கேயே நிறுத்துங்க. மாமல்லபுரம் போறப்போ கருவியை வீட்லயே வெச்சுட்டுப் போங்க, அது பாதுகாக்கப்பட்ட இடம்.

திருவான்மியூர்_அம்மா:
முதல்ல மட்டையே வாங்குறேன். 9 வோல்ட்ல ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

சுருள்கம்பி:
போடலாம், ஆனா நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி முழுசா 9 வோல்ட் இருக்காது, 8.4தான். சிலது 7.2. பேட்டரி குறைவு விளக்கு சீக்கிரமே எரியும், பயப்பட வேண்டாம். இல்லன்னா ஆல்கலைன் வாங்குங்க. மலிவான சாதா பேட்டரி ஒழுகினா முனையை அரிச்சுடும், அதனால வீட்டுக்கு வந்ததும் கழட்டி வைங்க. துணியை நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு மட்டையைத் துடைங்க. ஸ்விட்ச் பக்கம் மணல் இருந்தா பெயின்ட் பிரஷ்ல தட்டி விடுங்க, வாயால ஊதாதீங்க, மணல் உள்ள போயிடும்.