ரெண்டாம் உலகப்போர்னா விடிய விடிய பாக்குறோம், முதலாம் உலகப்போர்னா தூக்கம் வருதே ஏன்?

கொட்டாவிமன்னன்:
ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி இது. ஸ்டாலின்கிராட் சண்டை, நார்மண்டில படை இறங்குனது, ஜெர்மன்காரன் ரகசியச் செய்தி அனுப்புன எனிக்மா மெஷின்னு யூடியூப்ல எது வந்தாலும் ராத்திரி 2 மணி வரைக்கும் பாப்பேன், மறுநாள் ஆபீஸ்ல கண்ணு எரியும். சரி முந்தின போரையும் தெரிஞ்சுக்குவோம்னு போன வாரம் உக்காந்தேன். 1914ல சரயேவோ நகரத்துல ஆஸ்திரியா இளவரசர சுட்டாங்க, ஆஸ்திரியா செர்பியா மேல பாஞ்சுது, செர்பியாவுக்கு ஆதரவா ரஷ்யா வந்துச்சு, ரஷ்யாவ எதுத்து ஜெர்மனி வந்துச்சு, அதுக்குள்ள எனக்கு கொட்டாவி வந்துச்சு. ஏதோ கூட்டுக்குடும்ப சொத்துத் தகராற பஞ்சாயத்துல கேக்குற மாதிரியே இருக்கு, யார் மேல தப்புன்னே புடிபடல. இத்தனைக்கும் லட்சக்கணக்குல செத்திருக்காங்க. எனக்கு மட்டும்தான் இப்படியா?

மேப்பைத்தியம்:
உங்களுக்கு மட்டும் இல்ல ப்ரோ. என் கணக்குப்படி மேப்புதான் காரணம். ரெண்டாவது போர்ல மேப்புல கலர் மாறிகிட்டே இருக்கும், ஜெர்மன்காரன் வோல்கா நதி வரைக்கும் போறான், 1943 பிப்ரவரில அங்க மாட்டுன படை சரணடையுது, அப்புறம் பெர்லின் வரைக்கும் ரிவர்ஸ். கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஸ்கோர் ஏறி இறங்குது. இங்க பிரான்ஸ்ல நடந்த சோம் போர எடுத்துக்கோங்க, 1916 ஜூலை 1, அந்த ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் 19,240 பேர் செத்தாங்க, காயம் காணாமப்போனது எல்லாம் சேத்தா 57,000 தாண்டுது, அப்பவும் விடாம நவம்பர் வரைக்கும் இழுத்து அவங்க முன்னேறுனது எவ்வளவுன்னா சுமார் பத்து கிலோமீட்டர். சைக்கிள்ல போனா அரை மணி நேரம். இத மேப்புல என்னன்னு காட்டுவாங்க, கோடு நகரவே நகராது.

இன்னொன்னு வில்லன். அங்க மீசை வச்ச ஒரு மூஞ்சி இருக்கு, சின்னப் புள்ளைக்கும் தெரியும். இங்க ஜெர்மனி ராஜா கெய்சர், ரஷ்யா ராஜா ஜார், பிரிட்டிஷ் ராஜா மூணு பேருமே சொந்தக்காரங்க. யார திட்டுறது?

துறைமுகத்தான்:
மேப்பு அண்ணே, நீங்க சொல்றது பிரான்ஸ் பக்கத்து பதுங்குகுழிச் சண்டைக்கு மட்டும்தான் பொருந்தும். அத மட்டுமே பாத்துட்டு முதலாம் உலகப்போர் போரடிக்குதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

எம்டன் கதை தெரியும்ல? 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டேங்க கொளுத்திட்டு போச்சே அந்த ஜெர்மன் கப்பல், இன்னைக்கும் ஹைகோர்ட் காம்பவுண்டுல கல்வெட்டு இருக்கு, கில்லாடிப் பயல "சரியான எம்டன்"னு நம்ம தாத்தாங்க திட்டுறது அதுல வந்ததுதான். ஆனா எல்லாரும் அதோட நிறுத்திடுறாங்க, அதுக்கப்புறம் நடந்ததுதான் மேட்டரே. எம்டன் கேப்டன் முல்லர், மலாயால பிரிட்டிஷ்காரன் கையில இருந்த பினாங்கு துறைமுகத்துக்குள்ள எப்படி நுழைஞ்சாரு தெரியுமா? எம்டனுக்கு மூணு புகைக்கூண்டு, பிரிட்டிஷ் கப்பலுக்கு நாலு. அதனால நாலாவதா ஒரு டுப்ளிகேட் புகைக்கூண்ட நட்டு வச்சுட்டாங்க! அப்படியே உள்ள போய் ரஷ்யக் கப்பல ஒன்ன மூழ்கடிச்சுட்டு வெளிய வந்தாங்க. நவம்பர் 9ம் தேதி இந்தியப் பெருங்கடல்ல கோக்கோஸ் தீவுகிட்ட சிட்னிங்கிற ஆஸ்திரேலியக் கப்பல்கிட்ட மாட்டி எம்டன் கதை முடிஞ்சுது. ஆனா அந்த நேரம் தீவுல தந்திக் கம்பிய அறுக்க இறங்கியிருந்த எம்டன் கோஷ்டி ஒன்னு, அங்க கிடந்த ஆயிஷாங்கிற ஓட்டை பாய்மரக் கப்பல கெளப்பிகிட்டு சுமத்ரா போய், அங்கருந்து வேற கப்பல் மாறி ஏமன்ல இறங்கி, பாலைவனத்த தாண்டி 1915ல கான்ஸ்டாண்டிநோபிள் (இப்போ இஸ்தான்புல்) போய்ச் சேந்துச்சு. இதுக்கும் கொட்டாவி வந்தா டாக்டரப் பாருங்க.

வெறும்வாசகன்:
துறைமுகத்தான் சொல்றத வச்சே ஒன்னு கேக்குறேன். எம்டன் ஏன் இன்ட்ரஸ்டிங்? ஒரு கேப்டன், ஒரு கப்பல், ஒரு தந்திரம். பேரும் முகமும் இருக்கு. பதுங்குகுழில செத்தவனுக்கு அது இல்ல, அவ்வளவுதான்.

ஆனா பேரு இருந்தா மட்டும் போதாது போல. சீனால ராஜாங்கத்த எதுத்து நடந்த தைப்பிங் கலகம், 1850லேர்ந்து 1864 வரைக்கும். அதோட தலைவர் ஹோங் சியூசுவான் சும்மா ஆள் இல்ல, அரசாங்கப் பரிச்சைல திரும்பத் திரும்ப ஃபெயிலாகி, காய்ச்சல்ல கெடந்து, கனவு கண்டு, கடைசில நான் ஏசுவோட தம்பின்னு அறிவிச்சு, நான்ஜிங் நகரத்த புடிச்சு தலைநகரம் ஆக்குனவரு. செத்தவங்க ரெண்டு கோடிக்கு மேலன்னு சொல்றாங்க. அதே காலத்துல, 1861லேர்ந்து 1865, அமெரிக்காவுல உள்நாட்டுப் போர், அங்க செத்தது ஆறேழு லட்சம். லிங்கன் பேரு தெரியாதவங்க உண்டா? ஹோங் பேர இந்த த்ரெட்ல இதுக்கு முன்ன கேள்விப்பட்டவங்க கை தூக்குங்க பாப்போம். அமெரிக்காக்காரன் போட்டோ எடுத்து வச்சான், சிப்பாய்ங்க வீட்டுக்கு எழுதுன லெட்டர எல்லாம் பத்திரமா வச்சான், அதுவும் நாம படிக்கிற இங்கிலீஷ்ல. தைப்பிங்காரங்க தோத்ததும் ராஜாங்கம் அவங்க எழுத்தையெல்லாம் தேடித் தேடி அழிச்சுது. கதை நல்லா இருந்தும் நம்ம காதுக்கு வரல.

கிள்ளான்_வாசி:
மலேசியாலேர்ந்து எழுதுறேன். நீங்க ரசிக்கிற அதே ரெண்டாம் உலகப்போர்தான், ஆனா எங்க வீட்டுல அதுக்குப் பேரு "ஜப்பான்காரன் காலம்". பாட்டியோட அண்ணன எஸ்டேட் தோட்டத்துல இருந்து, தாய்லாந்தையும் பர்மாவையும் சேக்குற சயாம் பர்மா ரயில் போடக் கூட்டிட்டுப் போனாங்க, மூணு மாசத்துல வந்துடலாம்னு சொல்லி. வரல. அந்த ரயில் 415 கிலோமீட்டர். அதப் பத்திப் பேசுனா எல்லாரும் வெள்ளைக்கார போர்க்கைதிங்களத்தான் பேசுவாங்க, ஆனா அவங்களவிட ரொம்ப அதிகமா செத்தது தமிழங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க. கைதிங்களுக்கு பேரு போட்ட கல்லறை இருக்கு. எங்க ஆளுக்கு எந்த இடத்துல புதைச்சாங்கன்னே தெரியாது.

வாழைத்தார் படம் போட்ட ஜப்பான் பத்து வெள்ளி (டாலர்) நோட்டு ஒன்னு பாட்டி பெட்டில இருந்துச்சு. நாங்க சின்னப் புள்ளைங்க அத வச்சு கடை வெளாட்டு வெளாடுவோம், பாட்டி ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஆனா மரவள்ளிக்கிழங்கு மட்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது, அந்த வாசனை வந்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவாங்க.

கொட்டாவிமன்னன்:
கிள்ளான், நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். இத்தனை வருஷம் அந்தப் போரப் பத்திப் பாத்திருக்கேன், டேங்க் மாடல் பேரு கூட தலைகீழா சொல்வேன், தோட்டத்துல இருந்து ஆள் கூட்டிட்டுப் போனது ஒரு வீடியோல கூட கண்ணுல படல. பாட்டி அண்ணனப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் இருந்தா எழுதுங்க.