பெரியம்மாவுக்கு டென்ஷன்

(வாட்ஸ்அப் குழு: மும்பைப் பக்கம், மாட்டுங்கா – டோம்பிவிலி சொந்தங்கள்)

பெரியம்மா: காலையிலிருந்து டென்ஷன் ரொம்ப ஏறிவிட்டது. ஒரு வேலையும் ஓடவில்லை. யாராவது சாயங்காலம் வந்து பாருங்களேன்.

கார்த்திக்: பி.பி. மாத்திரை போட்டீர்களா பெரியம்மா?

வித்யா சித்தி: அக்கா, நான் இப்போதே கிளம்பட்டுமா? 11.20 லோக்கல் கிடைக்கும்.

தீபா: பெரியம்மா டென்ஷன் எடுக்காதீங்க 🙏

பெரியம்மா: ஐயோ, எனக்கு இல்லை. தையல் மெஷினுக்கு. அடி நூல் மேலே எட்டிப் பார்க்கிறது, மேல் நூல் அறுந்து அறுந்து போகிறது.

கார்த்திக்: 😂😂

சித்தப்பா: அண்ணி, மேல் நூல் இறுகிவிட்டது, அதுதான் அடி நூலை இழுக்கிறது. துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டு, ஸ்பிரிங் வைத்த திருகை இடப்பக்கம் அரைச் சுற்று தளர்த்துங்கள். பாதம் தூக்கியிருந்தால் திருகுக்குப் பின்னால் இருக்கிற தட்டு நூலைப் பிடிக்காது. வேஸ்ட் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ப்ளவுஸில் கை வையுங்கள்.

தீபா: மெஷினுக்குக்கூட டென்ஷனா?

சித்தப்பா: அதற்குத்தான் முதலில். லத்தீனில் இழுத்து நீட்டுவதைச் சொல்லும் வார்த்தையிலிருந்து வந்தது. துணியை இழுத்துக் கட்டும் டென்ட்டும் அதே வேர்தான்.

சித்தப்பா: காலேஜுக்கு ரயிலில்தானே போகிறாய்? தண்டவாள ஓரத்தில் சில கம்பங்களில் வட்ட வட்ட இரும்பு எடைகள் அடுக்காகத் தொங்கும். வெயிலில் மேல்கம்பி நீளும், எடை கீழே இறங்கும். குளிரில் மேலே ஏறும். இழுப்பு மட்டும் மாறாது. ரயில் உரசிப் போகிற கம்பிக்கு 1,000 கிலோ, அதைத் தாங்குகிற கம்பிக்கு 1,000 கிலோ. அதுதான் டென்ஷன். ரயில்வேயில் முப்பது வருடம் அதைத்தான் பார்த்தேன்.

கார்த்திக்: போர்டில் ஹை டென்ஷன் என்று போட்டிருப்பது?

சித்தப்பா: அது வேறு. அது வோல்டேஜ், 25,000. ஒரே கம்பியில் இரண்டு டென்ஷன்.

பெரியப்பா: இதில் ஒரு வேடிக்கை. கம்பியை இழுத்தால் இழுவிசை என்று படித்தோம். அதில் மின்சாரம் வந்தால் உயர் அழுத்தம். மனசுக்கு வந்தாலும் மன அழுத்தம். இழுப்பதும் அழுத்துவதும் ஒன்றா? எல்லையில் வந்தால் பேப்பர்காரர்கள் பதற்றம் என்கிறார்கள்.

கார்த்திக்: ஆபீசில் நாலும் உண்டு பெரியப்பா.

பெரியப்பா: அது சரி தீபா, அதென்ன "எடுக்காதீங்க"? ஊரில் டென்ஷன் ஆகாதே என்போம்.

தீபா: இங்கே எல்லாரும் "டென்ஷன் நஹி லேனே கா"தானே பெரியப்பா. அப்படியே வந்துவிட்டது.

பெரியப்பா: இந்தியில் அது கொடுக்கல் வாங்கல் சாமான். கொடுக்கலாம், எடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நாம்தான் அதுவாகவே ஆகிவிடுகிறோம்.

வித்யா சித்தி: இந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கொடுக்கத்தான் தெரியும். எடுத்துக்கொள்வது நானும் அக்காவும்.

சித்தப்பா: 🤐

பெரியம்மா: அரைச் சுற்று தளர்த்தினேன். இப்போது தையல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் விழுகிறது. வித்யா, உன் ப்ளவுஸ்தான். கை கொஞ்சம் பிடிக்கும்போல் இருக்கிறது.

வித்யா சித்தி: அக்கா!! வெள்ளிக்கிழமை கல்யாணம்!

பெரியம்மா: டென்ஷன் ஆகாதே. உள்ளே துணி விட்டிருக்கிறேன்.