"தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

வைகைக்கரை:
நேர்வழி நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார்: "தேர்வுக்குழு வல்லுநர்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பேராசிரியர் இடங்களுக்கு பிஎச்டி, கட்டுரைகள், அனுபவம் எல்லாம் சரிபார்த்துத்தான் நேர்காணலுக்கே கூப்பிடுகிறார்கள். கடைசியில் "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். கூப்பிடும்போது இருந்த தகுதி அந்த அறைக்குள் எங்கே போனது? அதை எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நேர்வழி:
பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் 1992 வழக்கைப் படியுங்கள். விதி இல்லாதபோது தேர்வுக்குழு காரணம் பதிவு செய்யக் கட்டாயமில்லை, அது நிர்வாக வேலை, தீர்ப்பு எழுதும் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எரிச்சலை அங்கே போய்க் காட்டுங்கள்.

வைகைக்கரை:
"விதி இல்லாதபோது." நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. அந்த விதியைக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் பேச்சு. கட்டாயமில்லை என்றால் எழுதத் தடை என்று பொருளா? 1981 அஜய் ஹசியா வழக்கில் நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் இதே நீதிமன்றம்தான் சொன்னது. அது மட்டும் உங்கள் கண்ணில் படாது.

நேர்வழி:
அது ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை வழக்கு, ஐயா. வேலை வழக்கே இல்லை. தேடி எடுத்ததை ஒருமுறை முழுதாகப் படித்திருக்கலாம்.

செங்காந்தள்:
நேர்காணலுக்கு முன்பே இடத்தை விழுங்கிவிடுகிறார்களே, அதைப் பேசுங்கள். ஒதுக்கீட்டைக் கணக்கிட 2018-இல் முழுப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்கச் சொன்னார்கள். எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் 13 புள்ளி ரோஸ்டரில் ஓபிசிக்கு நாலாவது இடம், எஸ்சிக்கு ஏழாவது, எஸ்டிக்குப் பதினாலாவது. மூன்று பேர் இருக்கும் துறையில் யாருக்கு என்ன கிடைக்கும்? 2019-இல் சட்டம் போட்ட பிறகுதான் அது நின்றது.

பழைய குமாஸ்தா:
பணி நியமனம் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் ரோஸ்டர் பதிவேடு எழுதியவன் நான். காரணம் எழுதச் சொன்னால் "பாட அறிவு போதவில்லை" என்று எல்லோருக்கும் ஒரே வரியைப் போட்டுவிட்டுப் போவார்கள். காகிதம்தான் கூடும். அப்புறம் நம் தமிழ்நாட்டில் இனச்சுழற்சி என்ற இதே ரோஸ்டர் 200 புள்ளி, 69 சதவீத ஒதுக்கீடு என்று ஒழுங்காக ஓடுகிறது, டெல்லிக்காரர்களுக்காக நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

செங்காந்தள்:
நம் பிள்ளைகளும்தான் அங்கே விண்ணப்பிக்கிறார்கள், சார்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் ஒரே வரி போட்டால் போடட்டும், சார்! இருபது பேருக்கும் ஒரே வரி என்பதே சாட்சியாகும், அதை வைத்து வழக்குப் போடலாம். இப்போது கையில் என்ன இருக்கிறது? கேரள தேர்வாணைய வழக்கில் 2016-லேயே நேர்காணல் மதிப்பெண்ணைக் கொடுக்கலாம், மதிப்பீட்டாளர் பெயரைத்தான் மறைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. பிறகென்ன பயம்? எந்தப் பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், யாருக்கு எத்தனை மதிப்பெண், ஏன் வேண்டாம் என்றார்கள், இவ்வளவுதான் கேட்கிறேன். ஆள் கிடைக்காவிட்டால் ஒதுக்கீட்டையே எடுத்துவிடலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரு வரைவு விட்டது நினைவிருக்கிறதா? எதிர்ப்பு வந்ததும் 2024 ஜனவரியில் கல்வி அமைச்சகம் அப்படி எதுவும் இல்லை என்று அவசரமாக விளக்கம் கொடுத்தது. "கிடைக்கவில்லை" என்ற அந்த ஒற்றை வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நேர்வழி:
வரைவு வேறு, விதி வேறு. குழுவில் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரதிநிதியும் உட்காருகிறார், அவரும்தான் கையெழுத்துப் போடுகிறார். அவரையும் நம்ப மாட்டீர்களா? 1992 தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வைகைக்கரை:
அவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சேர்த்துத்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நேர்வழி:
நிம்ஹான்ஸ் வழக்கு. படியுங்கள்.