டீக்கடை ரேடியோ பாட்டு குறும்படத்தில் வந்துவிட்டது, என்ன செய்ய?

கேள்வி: தேனி பக்கம் ஒரு டீக்கடையில் 18 நிமிடக் குறும்படம் எடுத்தேன். பாய்லர் பக்கத்தில் இருந்த ரேடியோவை அணைக்க மறந்துவிட்டேன். கடைக்காரர் பேசும் முக்கியமான வசனத்துக்குப் பின்னால் 1970களின் சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஏழு செகண்டுக்குள் வெட்டினால் பிரச்சினை இல்லை என்கிறான் எடிட்டர். நிஜமா?

பதில்: அந்த ஏழு செகண்ட் கணக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் கிடையாது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அப்புறம் 60 வருடம். வரிகளுக்கும் இசைக்கும் தனிக் கணக்கு: படைத்தவர் இறந்த பிறகும் 60 வருடம். ஒரு அனுமதி வாங்கி நிம்மதியாக உட்கார முடியாது. வசனத்தை டப் செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: டப் செய்தால் நடுவில் வரும் இருமல் போய்விடுமே! அவர் நடிகர் இல்லை, நிஜக் கடைக்காரர். அந்த இருமலுக்காகத்தான் அந்த டேக்கையே வைத்தேன்.

இன்னொரு பதில்: அவரையே கடையில் உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள், இருமல் தானாக வரும். ரேடியோவுக்குப் பாரதி பாட்டு ஒன்றை யாரையாவது பாட வையுங்கள். அவர் 1921இல் இறந்தவர், வரிகளுக்குத் தடை இல்லை. மெட்டு மட்டும் சொந்தமாக இருக்கட்டும். சினிமாவில் வந்த மெட்டு வேண்டாம். பாடுபவரிடம் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சரி. கடைக்காரர் தானே பாடுகிறேன் என்கிறார். பயமாக இருக்கிறது.