துகள் உறைபனி இரவுகளில் படகு எஞ்சின்: தண்ணீரை வடிக்கணுமா, கூலன்ட் ஊற்றினால் போதுமா?

வாவிக்கரை:
வணக்கம். நுவரெலியாவில் இரண்டு படகுகள். ஒன்றில் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் பெற்றோல் அவுட்போர்ட் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்). இரவில் கரையில் ட்ரெயிலர் மேல் நிற்கும். மற்றதில் உள்ளே பொருத்திய இரண்டு சிலிண்டர் டீசல். வாவித் தண்ணீரையே இழுத்து, பிளாக்கைச் சுற்றவிட்டு, சைலன்சர் வழியாக வெளியே தள்ளும் வகை. இது சில இரவு தண்ணீரில், சில இரவு மேலே. ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி எச்சரிக்கை வரும் நாட்களில் விடியும்போது படங்கின்மேல் வெள்ளை படிந்திருக்கிறது. பகலில் ஓட்டம் இருப்பதால் மாதக்கணக்கில் மூடி வைக்க வழியில்லை. கூலன்ட் (உறையாமல் தடுக்கும் திரவம்) ஊற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக் பாஸ். ஒவ்வொரு இரவும் வடிக்கணும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

ஹக்கல டீசல்:
கூலன்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உங்கள் டீசலுக்கு அது ஆகாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் போகிற தண்ணீர் அது. இரவு ஊற்றியது காலையில் ஸ்டார்ட் பண்ணிய அரை நிமிடத்தில் வாவிக்குள் போய்விடும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எதிலீன் கிளைக்கோல் கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். 10 கிலோ நாய்க்கு அரைக் கோப்பை போதும். அதை வாவியில் கொட்டாதீர்கள்.

உங்களுக்கு வடிப்பதுதான் வழி. ஆனால் பயம் எங்கே என்று தெரிந்து வடிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். பெருக இடமிருந்தால் ஒன்றும் ஆகாது. நாலு பக்கமும் அடைபட்டு நின்றால்தான் உடைக்கும். நம்ம பக்கத்துக் குளிர் விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரம், பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை கீழே, அவ்வளவுதான். பகலில் ஓடிய இரும்பு பிளாக்குக்குள் இருக்கும் நாலைந்து லீற்றர் அந்த நேரத்துக்குள் கட்டியாகாது. ஒரு லீற்றர் தண்ணீர் பூச்சியத்துக்கு இறங்கிய பிறகும், முழுதும் உறைய இன்னும் 334 கிலோயூல் வெப்பத்தை விட்டாக வேண்டும். முதலில் போவது சின்னச் சாமான்கள்: ஸ்ட்ரெயினர் (தண்ணீரை வடிகட்டும் சாமான்) கிண்ணம், தண்ணீர்ப் பம்ப், தொங்கி வளைந்த ஹோஸ், டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் சேரும் கண்ணாடிக் கிண்ணம். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறப்பார்கள்.

மேலே ஏற்றிய இரவில் செய்ய வேண்டியது இது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஸ்ட்ரெயினர் மூடியைக் கழற்றி அடிப்பிளக்கைத் திறங்கள். படகின் அடியில் இருக்கும் தண்ணீர் வால்வ் பந்து வகையென்றால் முழுக்க மூடாமல் பாதி திருப்பி விடுங்கள். முழுக்க மூடினால் பந்துக்குள்ளேயே ஒரு மடக்குத் தண்ணீர் சிறைப்பட்டு நிற்கும். பம்பில் மூடியை இரவுக்கு இரவு கழற்றினால் காகித கேஸ்கெட் கிழியும். அதனால் கீழ்ப்பக்க ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்து விடுவது நல்லது. பிறகு பிளாக்கின் வடிகுழாய், எக்ஸோஸ்ட் மனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பகுதி) அடிப்பிளக்.

இங்கேதான் ஏமாறுவோம். குழாயைத் திறந்ததும் நாலு சொட்டு விழுந்து நின்றால் "காலி" என்று நினைக்காதீர்கள். ஓடைகள் கொண்டுவரும் சேறு பிளாக்கின் அடியில் படிந்து துவாரத்தை அடைத்திருக்கும். 2 மில்லிமீற்றர் கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். கறுப்பாகக் கொஞ்சம் வந்து, பிறகு தண்ணீர் பாயும். முதல் நாள் வடிவதை ஒரு வாளியில் பிடித்து அளந்து, எஞ்சின் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அதைவிடக் குறைந்தால் எங்கோ அடைப்பு.

எல்லாக் குழாயும் இரவு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். ஸ்டார்ட்டர் சாவியை பிளாக்கின் வடிகுழாயில் மாட்டித் தொங்கவிடுங்கள், காலையில் யாரும் மறந்து ஸ்டார்ட் பண்ண முடியாது. காலையில் படகைத் தண்ணீரில் இறக்கும் முன்பே ஹோஸை மாட்டி, பிளக்குகளையும் குழாய்களையும் வால்வையும் மூடி, ஸ்ட்ரெயினரை வாளித் தண்ணீரால் நிரப்பி மூடியைப் போடுங்கள். இறக்கியதும் வால்வை முழுக்கத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். 30 செக்கனுக்குள் சைலன்சரில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் என்ற இறகுச் சக்கரத்தின் ரப்பர் ஒரு நிமிடத்திலேயே கருகத் தொடங்கும். மலைநாட்டில் உறைபனியால் கெட்ட எஞ்சினைவிட, வடித்துவிட்டு வால்வைத் திறக்க மறந்து கெட்டதுதான் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பனிக்காவல்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டீசல் படகு தண்ணீரில் நிற்கும் இரவில் எதையும் வடிக்க வேண்டாம். வாவித் தண்ணீர் பூச்சியத்துக்குப் பல பாகை மேலேதான் இருக்கும், அதில் பாதி அமிழ்ந்த படகின் அடியும் அப்படியே. எஞ்சின் பெட்டியை மூடி, மேலே படங்கு போட்டால் போதும். எச்சரிக்கை வந்தால் படகை மேலே இழுக்காமல் தண்ணீரிலேயே விடுவது புத்திசாலித்தனம். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் நீங்களே பார்க்கலாம். இரவு 9 மணிக்கு வானம் துடைத்த மாதிரி, காற்று அசையாமல், மூடுபனியும் இல்லாமல் இருந்தால் கவனம். அப்படிப்பட்ட இரவில் நிலமும் படகும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். அதனால்தான் வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே புல்லில் வெள்ளை படிகிறது. குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு ஓடும். தேயிலை மலையில் பள்ளத்துக் கொழுந்து மட்டும் கருகி, மேட்டில் பச்சையாக இருக்குமே, அதே கணக்கு. ட்ரெயிலரைப் பத்தடி மேட்டில் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். வெப்பமானியை வராந்தாவில் மாட்டாமல் எஞ்சின் உயரத்தில், வெளியே மாட்டுங்கள்.

படங்கு எஞ்சினைத் தொட்டபடி கிடக்கக் கூடாது. இரண்டு கம்பு வைத்து, ஒரு சாண் இடைவெளியில் கூரை மாதிரிக் கட்டுங்கள். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, அது மிகவும் கீழே.

நானுஓயா அவுட்போர்ட்:
அவுட்போர்ட்டுக்கு வேலை குறைவு. நிமிர்த்தி வைத்தால் தானாகவே வடிந்துவிடும். கெடுப்பது, ட்ரெயிலரில் ஏற்றியதும் பின்பக்கம் தூக்கிப் பூட்டி அப்படியே விடுவது. தூக்கிய நிலையில் பம்பிலும் எஞ்சினின் காலிலும் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) தண்ணீர் தங்கும், புரொப்பெல்லர் நடுத்துவாரத்தில் பனித்தண்ணீரும் சேரும். மேலே ஏற்றியதும் நேராக இறக்கி மூன்று நிமிடம் விடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுங்கள். பம்பில் மிச்சமிருப்பதும் வெளியே வரும். பிறகு இரவு முழுக்க நிமிர்ந்தே நிற்கட்டும். ட்ரெயிலர் தாழ்வென்றால் பின்பக்கத்துக்குக் கல் கொடுத்து உயர்த்துங்கள்.

உண்மையான ஆபத்து கியர் பெட்டி. புரொப்பெல்லர் சீலில் மீன்பிடி நூல் சுற்றி வெட்டியிருந்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கும். அது அடியில் தங்கும், வடியவும் வழியில்லை. டிசம்பரிலேயே கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டினாலோ, பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தாலோ சீலை மாற்ற வேண்டும். எண்ணெயைக் கீழ்த்துவாரத்தால் ஏற்றுங்கள், மேல்துவாரத்தில் வழியும்வரை. 15 குதிரைவலுவுக்குச் சுமார் கால் லீற்றர் பிடிக்கும். மேல் ஸ்க்ரூவை முதலில் மூடிய பிறகே கீழே எண்ணெய் ஏற்றும் குழாயை எடுங்கள். இரண்டு வாஷரும் புதிதாக இருக்கட்டும், பழையதைத் திருப்பிப் போடுவதில் மிச்சமாகும் காசு எண்ணெயில் போய்விடும்.

வாவிக்கரை:
மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். எஞ்சின் பெட்டிக்குள் பல்ப் எரியவிடலாமா? ஒரு நாள் வடிக்க மறந்து, காலையில் உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால்?

ஹக்கல டீசல்:
டீசல் என்றால் பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்று போதும். ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பாக இருக்க வேண்டும், பல்ப் ஹோஸைத் தொடக் கூடாது. எல்ஈடி பல்ப் சூடு தராது. பெற்றோல் எஞ்சின் பெட்டிக்குள் எந்தப் பல்பும் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

பெற்றரியையும் சார்ஜில் வையுங்கள். முழுச் சார்ஜில் நம்ம குளிருக்கு அது உறையவே உறையாது, ஆனால் காலையில் இழுக்கும் பலம் குறையும். பழைய தடித்த 40 எண்ணெய் ஊற்றியிருந்தால் இன்னும் கஷ்டம். 15டபிள்யூ40 போடுங்கள்.

உறைந்த சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கொதிதண்ணியும் ஊற்றாதீர்கள். பம்புக்குள் ஒரு துண்டு ஐஸ் இருந்தாலே இம்பெல்லர் இறகுகள் ஒடியும். வெயில் ஏறும்வரை, 10 மணி வரை விட்டுவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் ஸ்ட்ரெயினர் கிண்ணத்தில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, பிறகு ஓட்டுங்கள். கால் மணி நேரம் ஓடியதும் எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக நுரைத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அத்தோடு நிறுத்திவிடுங்கள். வெல்ஷ் பிளக் கழன்று பிளாக்கைக் காப்பாற்றும் என்பார்கள். அது வார்ப்பு மணலை எடுக்க விட்ட துவாரத்தின் மூடி. கழன்றால் அதிர்ஷ்டம், நம்பிக்கொண்டு இருக்க முடியாது.