பரண்ல இருந்த வளைஞ்ச வாள், உறையை விட்டு வரவே மாட்டேங்குது, யாருதுன்னு தெரியுமா?

பரண்பூனை:
வணக்கம். சிவகங்கை பக்கம் எங்க அப்பத்தா வீட்டுல பரண்ல ஒரு வாள் கிடக்கு, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இறக்கி சந்தனம் குங்குமம் வச்சுட்டு திரும்ப மேல ஏத்திருவாங்க, அவ்ளோதான் தெரியும். உறையும் இரும்புதான், ரெண்டு வளையம் தொங்குது, முழுக்க துரு. கைப்பிடில ஒரே ஒரு இரும்பு வளைவு, குதிரைச் சேணத்துல தொங்குற அங்கவடி மாதிரி. சித்தப்பா திப்பு சுல்தான் வாள்டா கோடி ரூபா போகும்ங்கிறாரு. தம்பி லேத் பட்டறைல குடுத்து இழுத்து பஃப் போட்டுரலாம்ங்கிறான். என்ன பண்ண?

சும்மாவந்தவன்:
சிவகங்கைன்னா வேற என்ன ப்ரோ, மருது பாண்டியர் வாள்தான் 🔥

துருவன்:
பட்டறை பக்கமே போயிடாதீங்க, பஃப் போட்டா எழுத்து முத்திரை எல்லாம் போயிரும், அப்புறம் அது வெறும் இரும்பு. தையல் மெஷின் எண்ணெயை உறை வாய்ல சொட்டு சொட்டா விட்டு ரெண்டு மூணு நாள் வாய் மேல பாக்க சாய்ச்சு வைங்க, அப்புறம் மெதுவா ஆட்டி ஆட்டி இழுங்க, சுத்தியல் கூடாது. திப்பு வாள் பலதுல புலித்தலை, புலிவரி இருக்கும். வடக்கத்தி தல்வாரா இருந்தா கைப்பிடி நுனில வட்டமா தட்டு இருக்கும். நீங்க சொல்றது ரெண்டும் இல்ல. வெளிய வந்ததும் நீளம் அளந்து, முதுகுப் பக்கம் எழுத்து இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க.

பரண்பூனை:
அண்ணா வந்துருச்சு!! நாலு நாளாச்சு, அரைக் குப்பி எண்ணெய் காலி. நீளம் கிட்டத்தட்ட 33 இஞ்ச், ஒரு பக்கம் மட்டும் கூர், நீளவாக்குல அகலமா ஒரு பள்ளம், நுனி போகப் போக சிறுக்காம கத்தரிச்ச மாதிரி அகலமாவுது. முதுகுல இங்கிலீஷ்ல ஜே கில்ஸ் வாரண்ட-ன்னு வருது, மிச்சம் துருல போச்சு. இதுல ஒரு கூத்து, எங்க பாட்டனாருக்கு வாரண்ட் வந்துச்சுன்னு வீட்டுல ஒரு கதை உண்டு, அது இதைப் படிச்சுத்தான் கிளம்பிருக்கும் போல 😂

துருவன்:
😂 அது போலீஸ் வாரண்ட் இல்ல தம்பி, வாரண்டட், அதாவது உத்தரவாதம். இது 1796 மாடல் பிரிட்டிஷ் லைட் கேவல்ரி வாள், லெ மார்ச்சன்ட்ங்கிற குதிரைப்படை அதிகாரி வடிவமைச்சது, குத்துறதுக்கு இல்ல, குதிரை மேல இருந்து வெட்டுறதுக்கு, அதான் நுனி அகலம். பிரஷ்யாக்காரனே காப்பி அடிச்சான். கில் குடும்பம் பர்மிங்காம் வாள்காரங்க, ஜேன்னா ஜான், அவரு அப்பா தாமஸ் கில். அந்தக் காலத்துல ஜெர்மன் வாள்தான் ஒசத்தின்னு பேச்சு, அப்பா தாமஸ் வம்படியா சோதனை வைக்கச் சொல்லி 1786ல கிழக்கிந்தியக் கம்பெனியே வச்சுப் பார்த்துச்சு, வளைச்சு விட்டா நிமிரணும், இல்லன்னா ரிஜெக்ட். இவரு குடுத்த 2650ல 4 தான் தேறல. அந்தக் கெத்துலதான் உத்தரவாதம்னு முதுகுலயே அடிக்க ஆரம்பிச்சது. கம்பெனி குதிரைப்படைக்கும் இந்த ரகம் வந்திருக்கு, அதனால இந்த ஊர்ல கிடைக்கிறது அதிசயம் இல்ல. கைப்பிடி பக்கத்துல கிரீடமும் கீழ ஒரு நம்பரும் இருந்தா அரசாங்க சோதனை முத்திரை, பாருங்க.

சும்மாவந்தவன்:
அப்ப மருதுவை எதிர்த்தவன் வாளா 😐

துருவன்:
எந்தக் கையில இருந்துச்சுன்னு இரும்பு சொல்லாது ப்ரோ, வாங்கினதோ பிடுங்கினதோ.

பரண்பூனை:
கிரீடம் இருக்கு அண்ணா, நம்பர் 4 மாதிரி. சிங்கப்பூர்ல இருக்கிற அத்தை மகன் எனக்குக் குடுன்னு நச்சரிக்கிறான், கொண்டு போலாமா?

துருவன்:
கூடவே கூடாது. 100 வருஷம் தாண்டினது 1972 சட்டப்படி தொல்பொருள், பெட்டில போட்டு ஏர்போர்ட்ல மாட்டிக்காதீங்க. லேசா எண்ணெய்த் துணில துடைச்சு வைங்க, உறைக்குள்ள போட வேணாம். ஈரச் சந்தனம்தான் இவ்ளோ துருவுக்கும் காரணம், அதை நிறுத்துங்க.

பரண்பூனை:
அப்பத்தாகிட்ட சொல்லிட்டேன். வெள்ளைக்காரன் வாளோ எவன் வாளோ, பொட்டு வைக்காம பூஜைல வைக்க மாட்டேன்னுருச்சு.

துருவன்:
உறைக்கு வைக்கச் சொல்லுங்க, வாளுக்கு ஸ்டிக்கர் பொட்டு.